பல செவிகளும் ஒரு முடிவும்

1901 ஆம் ஆண்டு டிசம்பர் 12 ஆம் திகதி, நியூபவுண்ட்லாந்துத் தீவின் கரையோரக் குன்றொன்றிலே குலியெல்மோ மார்க்கோனி காதிற் கேட்குங் கருவியைப் பொருத்திக்கொண்டு காத்திருந்தார். வெளியே வீசிய கடுங்காற்றில் ஒரு பட்டம் பறந்துகொண்டிருந்தது. அப்பட்டம் தூக்கிப் பிடித்த நீண்ட கம்பியே அவருக்கு ஏரியல். அத்திலாந்திக் சமுத்திரத்தின் மறுகரையில், இங்கிலாந்தின் கோண்வால் பகுதியிலுள்ள போல்டு நிலையத்திலிருந்து, மூன்று புள்ளிகளாலான சைகையொன்று திரும்பத் திரும்ப அனுப்பப்பட்டது. அம்மூன்று புள்ளிகளையும் தாம் கேட்டதாக மார்க்கோனி அறிவித்தார். உலகம் வியந்தது. ஆயினும், அவர் கேட்டது அனுப்பிய சைகைதானா, அன்றி வானத்தின் மின்னிரைச்சல்தானா என்று ஐயுற்றோர் அன்றும் இருந்தனர், பின்னரும் இருந்தனர்.

அந்த ஐயத்திலேதான் ஒரு தனிக்கலையின் வித்து அடங்கியிருக்கிறது. வானலையின் வரலாற்றைக் கூறுவோர் பெரும்பாலும் அனுப்பியவரின் பெருமையையே பேசுவர். கேட்பவரின் தொழில் அதனினும் எளிதன்று. வந்து சேர்வது சைகையும் இரைச்சலும் பிறர் குரலும் கலந்த ஒரு கலவை. அக்கலவையிலிருந்து அனுப்பப்பட்டது இன்னதென்று துணிந்து கூறுவதே சைகையைத் தேர்ந்தறிதல் எனப்படும். தேர்த் திருவிழாவின் பெருங்கூட்டத்திலே தாயொருத்தி தன் பிள்ளையின் குரலை இனங்கண்டு திரும்புகிறாள் அல்லவா? அவள் இயல்பாகச் செய்வதனை ஒரு பொறி செய்வதற்கு நூறாண்டுக் கணிதம் வேண்டியிருந்தது.

சிற்றலை நிகழ்ச்சிகளைக் கேட்டுப் பழகிய நேயர்கள் ஓர் அனுபவத்தை மறந்திருக்க மாட்டார்கள். பாடல் தெளிவாக ஒலித்துக்கொண்டிருக்கும்போதே குரல் மெல்ல மங்கி அடங்கும். சிறிது பொழுதில் மீண்டும் பொங்கி எழும். பெட்டியிற் பழுது எதுவும் இராது. அலையானது ஒரே வழியால் வருவதில்லை என்பதே காரணம். வானத்தின் மேலடுக்கிலே பட்டுத் தெறித்துப் பல வழிகளால் அது வந்து சேர்கின்றது. ஒரு வழியால் வந்த அலையின் முகடும் மற்றொரு வழியால் வந்த அலையின் தாழியும் ஓரிடத்திற் சந்தித்தால், ஒன்றையொன்று அழித்துவிடும். பல வழிகள் உண்டென்பதே அன்று பொறியியலாளருக்குப் பெரும்பகையாய் இருந்தது.

இப்பகையை வெல்ல முதலில் எழுந்த உபாயம் எளிமையானது. ஓரிடத்திலே அலை அழியும் அதே கணத்தில், சிறிது தொலைவிலுள்ள வேறோரிடத்தில் அது அழிவதில்லை. ஆகவே ஒரு செவிக்குப் பதிலாகப் பல செவிகளை வைத்தால் என்ன? அமெரிக்காவில் ஹரல்ட் பெவறேஜ், ஹரல்ட் பீற்றர்சன் என்னும் இருவரும், நியூ யோர்க்கை அடுத்த லோங் ஐலண்ட் தீவிலுள்ள ரிவர்ஹெட் நிலையத்தில், ஒன்றுக்கொன்று தொலைவாக ஏரியல்களை நிறுத்தி அவற்றின் பயனை ஒன்றுசேர்க்கும் முறையை வகுத்தனர். 1931 ஆம் ஆண்டில் அதனை அவர்கள் கட்டுரையாக வெளியிட்டனர். 1937 இல் பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த பிரீஸ், பெல்ட்மன் என்போர், வரிசையாக நிறுத்திய ஏரியல்களைக் கொண்டு, அலை வரும் திசைக்கேற்பக் 'காதைத் திருப்பும்' அமைப்பொன்றை விவரித்தனர்.

பல செவிகள் கேட்டதை ஒன்றாக்குவது எவ்வாறு? உரத்துக் கேட்ட செவியை மட்டும் நம்பலாம். எல்லாவற்றையும் சமமாகக் கூட்டலாம். இவ்விரண்டினும் சிறந்த வழியொன்று உண்டென 1954 இல் லியோனாட் கான் காட்டினார். 1959 இல் பிரெனன் அதனை விரிவாக நிறுவினார். நன்றாய்க் கேட்ட செவிக்கு மிகுந்த மதிப்பும், மங்கிக் கேட்ட செவிக்குக் குறைந்த மதிப்பும் கொடுத்துக் கூட்டவேண்டும் என்பதே அவ்வழி. நல்ல நீதிபதி எந்தச் சாட்சியையும் முற்றாகத் தள்ளிவிடுவதில்லை. ஒவ்வொன்றையும் அதன் தகுதிக்கேற்ப நிறுத்துப் பார்க்கிறார். அஃதே இங்கும் நிகழ்கின்றது.

இதற்கிடையே, முடிவு செய்தல் என்பதற்கே ஒரு கணிதம் பிறந்திருந்தது. 1933 இல் நெய்மன், பியர்சன் என்னும் புள்ளிவிபர அறிஞர் இருவர், முடிவு செய்வோன் இருவகைப் பிழைகளுக்கு உள்ளாகின்றான் என்பதனைத் தெளிவாக்கினர். இல்லாததை உண்டென்பது ஒன்று. உள்ளதை இல்லையென்பது மற்றொன்று. ஒன்றைக் குறைக்க முயன்றால் மற்றையது பெருகும். இரண்டாம் உலகப் போரின்போது, எதிரி விமானத்தின் மெல்லிய எதிரொலியை இரைச்சலிலிருந்து பிரித்தறிய வேண்டிய தேவை எழுந்தது. 1943 இல் அமெரிக்கப் பொறியியலாளர் நோர்த், எதிர்பார்க்கும் சைகையின் வடிவத்தை முன்னரே அறிந்து, வந்ததை அவ்வடிவத்தோடு பொருத்திப் பார்ப்பதே இரைச்சலின் நடுவே சிறந்த வழியென நிறுவினார். 1901 இல் மார்க்கோனி தம் காதை மட்டுமே நம்பியிருந்தார். நாற்பது ஆண்டுகளின் பின் அந்நம்பிக்கை ஓர் அளவையாயிற்று.

ஆனால் இதுவரை பேசியவர் ஒருவர்; கேட்ட செவிகளே பல. இனிப் பேசுவோரும் பலராகும் காலம் வந்தது. 1948 இல் குளோட் ஷனன், ஓர் அலைப்பட்டையினூடாகக் குறித்த நேரத்திற் பிழையின்றி அனுப்பக்கூடிய செய்திக்கு ஓர் எல்லை உண்டென்று காட்டியிருந்தார். வலுவைப் பெருக்கினாலும் பயன் அவ்வளவாகப் பெருகாது. அலைப்பட்டையோ குளத்து நீர்போல அளவுடையது. வயல்கள் பெருகியதற்காகக் குளம் பெருகுவதில்லை. கையடக்கத் தொலைபேசிகள் பரவியபோது, ஒரே மீடிறனில் ஒரே நேரத்தில் பலர் பேசினால் அவற்றைப் பிரித்தெடுக்க இயலுமா என்ற வினா எழுந்தது.

இவ்வினாவுக்கு விடை கண்டோருள் முதன்மையானவர் கொங்குநாட்டிற் பிறந்த ஒரு தமிழர். 1944 இல் பொள்ளாச்சியிற் பிறந்த ஆரோக்கியசாமி பால்ராஜ் இளமையிலேயே இந்தியக் கடற்படையிற் சேர்ந்தார். 1971 ஆம் ஆண்டுப் போரிலே 'குக்ரி' என்னும் இந்தியப் போர்க்கப்பல் நீர்மூழ்கியொன்றினால் மூழ்கடிக்கப்பட்டது. அதன் பின், நீருக்கடியில் ஒலியைக் கேட்டறியும் சோனார்க் கருவிகளைச் செம்மைப்படுத்தும் பணியில் அவர் ஈடுபட்டார். பின்னர் கொச்சியிலுள்ள கடற்படை ஆய்வுகூடத்தில் அவர் தலைமையில் உருவான 'அப்சோ' என்னும் சோனார் 1983 இற் கப்பலேறியது. சோனார் என்பதும் பல செவிகளைக் கொண்டு கேட்கும் கருவியே. கடலடியிற் பயின்ற அக்கலையோடு அவர் அமெரிக்காவின் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தை அடைந்தார்.

அங்கே, ஒரே மீடிறனிற் கலந்துவந்த சைகைகளைப் பிரிக்கும் ஆய்வொன்றில், அவர் எதிர்பாராத உண்மையொன்றைக் கண்டார். அலைகள் சுவர்களிலும் மரங்களிலும் பட்டுச் சிதறுவது பிரித்தலைக் கெடுக்கும் என்று எண்ணியிருக்க, சிதறல் மிகுந்தபோது பிரித்தல் எளிதாயிற்று. அப்படியானால், ஒரே செய்தியைப் பல துண்டுகளாக்கி, பல ஏரியல்களால் ஒரே மீடிறனில் ஒருங்கே அனுப்பி, மறுமுனையிற் பல ஏரியல்களால் வாங்கிப் பிரித்துக்கொள்ளலாமே! 1992 இல் பால்ராஜும் தோமஸ் கைலாத்தும் இக்கருத்துக்குக் காப்புரிமை கோரினர். 1994 இல் அது வழங்கப்பட்டது. பெல் ஆய்வுகூடத்தில் எம்ரே தெலதாரும் ஜெராட் பொஸ்கினியும் 1995, 1996 ஆம் ஆண்டுகளில், ஏரியல்களின் எண்ணிக்கை பெருகப் பெருகச் செய்தியளவும் அதே விகிதத்திற் பெருகும் எனக் கணித்துக் காட்டினர். பல வழிகள் என்னும் பழம்பகை இவ்வாறு நட்பாக மாறியது. 2014 இல் மார்க்கோனியின் பெயரால் வழங்கப்படும் பரிசு பால்ராஜுக்குக் கிடைத்தது.

பகை நட்பானது எங்ஙனம் என்பதைப் பாடசாலைக் கணிதங்கொண்டே விளக்கலாம். ஒரே வேளையில் இருவர் இரண்டு எண்களைச் சொல்கின்றனர் என்க. ஒரு செவியில் அவற்றின் கூட்டுத்தொகை 10 என விழுகிறது. மறு செவியில் அவற்றின் வித்தியாசம் 0 என விழுகிறது. இருவரும் சொன்னது 5 என்பதை ஒரு சிறுவனும் கூறுவான். இரைச்சலால் அந்த 0 என்பது 0.1 ஆகிவிட்டாலும், விடைகள் 5.05, 4.95 என்றே வரும், கேடில்லை. இனி, இரு செவிகளும் ஏறக்குறைய ஒன்றையே கேட்கின்றன என்க. முதற்செவியில் விழுவது முன்போலக் கூட்டுத்தொகை 10. மறு செவியில் விழுவது முதலெண்ணோடு இரண்டாம் எண்ணின் 1.1 மடங்கைச் சேர்த்த தொகை, அதாவது 10.5. விடை இப்போதும் 5, 5 தான். ஆனால் முன்னைய அதே 0.1 பிழை புகுந்து 10.5 என்பது 10.6 ஆனால், விடை 4, 6 என்று நிலைகுலைந்துவிடும். செவிகள் வெவ்வேறு விதமாகக் கேட்டாற்றான் பிரித்தல் உறுதிபெறும். அவ்வேறுபாட்டைத் தருவது அலைகளின் சிதறலே.

ஆயினும் ஒரு பெரும் இடர் எஞ்சி நின்றது. அனுப்புவோர் எந்த எண்ணையும் அனுப்புவதில்லை. முன்பே குறித்த சில குறிகளுள் ஒன்றையே அனுப்புகின்றனர். எனவே, மிகச் சிறந்த முடிவு வேண்டுமாயின், எல்லாச் சேர்க்கைகளையும் ஒவ்வொன்றாக எடுத்து, கேட்டதோடு எது மிகவும் பொருந்துகிறதென்று பார்த்தல் வேண்டும். 16 பேர், ஒவ்வொருவரும் 16 குறிகளுள் ஒன்றை அனுப்பினால், சேர்க்கைகள் எத்தனை? சதுரங்கப் பலகையின் முதற்கட்டத்துக்கு ஒரு நெல்மணி, அடுத்த கட்டத்துக்கு அதன் இருமடங்கு என 64 கட்டங்களுக்கும் கேட்டு அரசனைத் திகைக்கவைத்தவன் கதையை நேயர்கள் அறிவர். அந்நெல்மணிகளின் மொத்தத் தொகையோடு ஒன்றைக் கூட்டினால் வருவதே இச்சேர்க்கைகளின் எண்ணிக்கை. அஃது 20 இலக்கங்கள் கொண்ட எண். அரசனின் களஞ்சியத்துக்கு நேர்ந்த கதியே கணிபொறிக்கும் நேரும்.

நேரமோ மிகக் குறைவு. நான்காந் தலைமுறைத் தொலைபேசி முறையில் ஒரு செக்கனுக்கு 14,000 தடவை குறிகள் வருகின்றன. 20 மெகாஹேர்ட்ஸ் அகலமுள்ள பட்டையில், ஒவ்வொரு தடவையும் 1,200 துணையலைகளில் அவை வருகின்றன. எனவே ஒரு செக்கனில் 1 கோடி 68 இலட்சம் முறை தீர்ப்புக் கூறவேண்டும். குற்றமற்ற தீர்ப்பாயினும் காலந்தாழ்ந்து வந்தால் அதனாற் பயனில்லை. இத்துறையின் பின்னைய வரலாறு முழுவதும், தீர்ப்பின் நேர்த்திக்கும் தீர்ப்பின் விரைவுக்கும் இடையே நடந்த போராட்டமே எனலாம்.

1998 இல் பெல் ஆய்வுகூடத்தார் ஒரு நடுவழியைக் கண்டனர். மிகத் தெளிவான குரலை முதலில் தேர்ந்து, அதனைக் கலவையிலிருந்து கழித்துவிட்டு, மிஞ்சியதில் அடுத்த தெளிவான குரலைத் தேர்வதே அது. அனுப்புமுனையில் 8 ஏரியல்களும் வாங்குமுனையில் 12 ஏரியல்களும் கொண்டு அவர்கள் செய்த சோதனை, முன்னர் எவரும் காணாத செய்தியளவைத் தந்தது. எனினும், முதலாவது முடிவு பிழைத்தால் அப்பிழையும் சேர்ந்து கழிக்கப்பட்டு, அடுத்தடுத்த முடிவுகளையும் கெடுத்துவிடும். வேறு சிலர் எண்கணித நூலாரிடம் கடன் வாங்கினர். 1981 இல் போஸ்ற் என்பவரும், 1985 இல் அவரும் பிங்கேயும், முற்றிலும் வேறொரு கணித வினாவுக்காக வகுத்த தேடல் முறை அது. வயலில் மோதிரத்தைத் தொலைத்தவன் வயல் முழுவதையும் துழாவாமல், விழுந்திருக்கக்கூடிய இடத்தைச் சுற்றி ஒரு வட்டம் கீறி அதற்குள் மட்டுந் தேடுவதை அது ஒக்கும். 1999 இல் விற்றேர்போ, பூத்ரோஸ் என்போர் அதனை மங்கி எழும் வானலைச் சைகைகளுக்குப் பொருத்தினர். ஏரியல்கள் சிலவாயின் அது நன்கு உதவியது. ஆனால் எண்ணிக்கை பெருகும்போது அவ்வட்டத்துக்குள்ளும் வேலை அடுக்கடுக்காகப் பெருகுமென்று 2005 இல் ஜால்டேன், ஒற்றர்ஸ்ரன் என்போர் நிறுவினர்.

நேர்த்தியை நாடிய பாதை இவ்வாறு முட்டி நின்றபோது, புதிய பாதை எதிர்பாராத திசையிலிருந்து திறந்தது. 2008 இல் பெங்களூரிலுள்ள இந்திய விஞ்ஞானக் கழகத்தில், கோயம்புத்தூரிற் பொறியியல் கற்ற ஆ. சொக்கலிங்கமும், சுந்தர் ராஜனும், அவர்தம் மாணாக்கரும் எளிய முறையொன்றை வெளியிட்டனர். முதலில் தோராயமான ஒரு விடையைக் கொள்க, அதில் ஒரு குறியை மட்டும் மாற்றிப் பார்க்க, பொருத்தம் கூடினால் மாற்றத்தை ஏற்க, கூடாவிடின் விடுக. மேலும் திருத்த இயலாத நிலை வந்ததும் நிறுத்துக. இத்துணை எளிய முறை சிறிய அமைப்புகளில் அவ்வளவு சிறக்கவில்லை. ஏரியல்கள் நூற்றுக்கணக்கிற் பெருகியபோதோ, அது மிகச் சிறந்த முடிவை அணுகியது. அமைப்புப் பெரிதாகப் பெரிதாக எளிய முறை மேலும் செம்மையுறுகிறது என்பதே அவர்கள் கண்ட விந்தை.

2010 இல் பெல் ஆய்வுகூடத்துத் தோமஸ் மர்செற்றா இதனை இன்னுந் துணிவோடு எடுத்துரைத்தார். பேசுவோரின் தொகையைவிடப் பன்மடங்கு ஏரியல்களைத் தொலைபேசிக் கோபுரத்தில் வையுங்கள். சிக்கலான தேர்வு முறைகள் வேண்டப்படா என்றார் அவர். அதற்குக் காரணம் உண்டு. ஒவ்வொருவர் குரலும் ஒவ்வொரு செவியிலும் ஒவ்வொரு விதமாகப் பதிகின்றது. அப்பதிவுகளின் வரிசையே அவருடைய கையொப்பம். ஒருவரின் கையொப்பத்தை அதனோடேயே ஒப்பிட்டால், 100 செவிகளும் ஒத்துப்பேசி 100 என்னும் வலிமை கிடைக்கும். அயலாரின் கையொப்பத்தோடு ஒப்பிட்டால், சில செவிகள் கூட்டச் சில செவிகள் கழிக்க, ஏறக்குறைய 10 தான் எஞ்சும். செவிகள் 10,000 ஆனால் முன்னது 10,000, பின்னது 100. நூற்றுக்குப் பத்தாயிருந்த கலப்பு நூற்றுக்கு ஒன்றாகக் குறைந்துவிடுகின்றது. எண்ணிக்கையே குரல்களை விலக்கிவைக்கின்றது.

இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். கோபுரத்தின் அருகிலிருப்பவரின் குரல், தூரத்துக் கிராமத்திலிருப்பவரின் குரலைவிடப் பத்து மடங்கு உரத்து விழுகின்றதென்க. அப்போது 100 செவிகள் இருந்தும், அருகிலுள்ளவரால் வரும் கலப்பு தூரத்திலுள்ளவரின் முழுக்குரலுக்கு ஈடாகிவிடும். வலியவன் குரலில் எளியவன் குரல் அமிழ்ந்துபோகும். பொருத்திப் பார்ப்பது மட்டும் போதாது. ஒருவர் மற்றொருவர்மீது செலுத்தும் கலப்பைக் கணக்கிட்டு நீக்கவும் வேண்டும். அதாவது, பேசுவோர் எத்தனை பேரோ அத்தனை சமன்பாடுகளை ஒருங்கே தீர்க்கவேண்டும். நேரான முறையிற் செய்தால், பேசுவோர் இருமடங்காகும்போது வேலை எட்டு மடங்காகும்.

இவ்விடத்திற் கைகொடுத்தவர் இருநூறாண்டுகளுக்கு முன் வாழ்ந்த கணித மேதை காவுஸ். வானியல் அவதானங்களின் பிழைகளுக்கு நடுவே உண்மையைக் காணும் குறைந்த வர்க்க முறையை அவர் 1809 இல் வெளியிட்டார். பிரெஞ்சு அறிஞர் லெஜெந்திர் 1805 இலேயே அதனை அச்சிட்டிருந்தார். 1823 இல், நில அளவைக் கணக்குகளை முன்னிட்டுத் தம் மாணவர் கேர்லிங்குக்கு எழுதிய கடிதமொன்றிற் காவுஸ் ஓர் எளிய வழியைச் சொன்னார். சமன்பாடுகள் அனைத்தையும் ஒரேயடியாகத் தீர்க்காமல், மற்றவற்றை இருந்தபடி வைத்து ஒவ்வொரு தெரியாக் கணியத்தையும் முறைமுறையாகத் திருத்திக்கொண்டு செல்வதே அது. அரைத்தூக்கத்திலும் செய்துவிடக்கூடிய வேலை என்று அவர் அதனை வேடிக்கையாகக் குறித்தார். 1874 இல் சைடல் என்பவரும் இத்தகைய முறையை வெளியிட்டமையால், இன்று அஃது இருவர் பெயராலும் வழங்குகின்றது. ஒவ்வொருவர் கையொப்பமும் தன்னோடு மிகுதியாகவும் பிறரோடு குறைவாகவும் ஒத்திருக்கும்போது, இத்தகைய திருத்தங்கள் சில சுற்றுகளிலேயே விடையை நெருங்கிவிடும். ஏரியல்கள் மிகுந்த கோபுரம் தருவதும் அத்தகைய சமன்பாடுகளையே. 2014 இல் அமெரிக்க ஆய்வாளர் சிலர், பத்தொன்பதாம் நூற்றாண்டு ஜேர்மானியக் கணிதர் நொய்மனின் தொடரைத் துணைக்கொண்டு, 128 ஏரியல்கள் 8 பேரைக் கேட்கும் அமைப்புக்கான சுற்றை உருவாக்கினர். அது செக்கனுக்கு 60 கோடிக்கும் மேற்பட்ட பிற்றுகளைத் தேர்ந்தறிந்தது.

கருத்து விரைவிற் களத்துக்கு வந்தது. 2012 இல் அமெரிக்காவின் றைஸ் பல்கலைக்கழகத்தார் 64 ஏரியல்களால் 15 கருவிகளோடு ஒரே நேரத்திற் தொடர்புகொண்டனர். 2016 இல் இங்கிலாந்தின் பிறிஸ்ரல் பல்கலைக்கழகத்தாரும் சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தாரும், ஒரே மீடிறனில் 22 பேர் அனுப்பியவற்றை 128 ஏரியல்களால் வாங்கிப் பிரித்தனர். 2017 டிசம்பரில் ஐந்தாந் தலைமுறை முறையின் முதல் நியமம் முடிவாகியது. இன்று பல நகரங்களின் கோபுரங்களிற் காணப்படும் தட்டையான பெட்டிகள் சிலவற்றினுள்ளே 64 சிறு ஏரியற் பாதைகள் ஒருங்கே இயங்குகின்றன.

பட்டமொன்றில் தொங்கிய ஒற்றைக் கம்பியிலிருந்து இப்பெட்டிகள் வரை நீளும் இவ்வரலாற்றிலே சிந்திக்கத்தக்கவை இரண்டு. கூர்மதியைக் கூட்டிக் கூட்டி நேர்த்தியான தீர்ப்பை நாடியவர்கள் சதுரங்கப் பலகையின் நெல்மணிகளுக்கு முன் திகைத்து நின்றனர். செவிகளைப் பெருக்கியவர்களுக்கோ, எளிய தீர்ப்பே நேர்த்தியாகிவிட்டது. இஃது ஒன்று. செவிகள் எத்தனை பெருகினாலும், உரத்த குரல் மெலிந்த குரலை மூடாதபடி கணக்குப் பார்ப்பவன் ஒருவன் எப்பொழுதும் வேண்டும் என்பது மற்றொன்று. கோபுரத்துக்கு அண்மையிலிருப்பவன் பேச்சு எப்படியும் கேட்கும். எல்லைக் கிராமத்திலிருந்து மருத்துவரை அழைக்கும் தாயின் குரல் கேட்கிறதா என்பதே இக்கலையின் உரைகல்.